கொல்லைப்புறம் வரை ஒரு நடை

சென்னையில் இரவு ஏறினால், பொதிகை எக்ஸ்பிரஸ் விடியும் வேளையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறக்கிவிடுகிறது. ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரர்கள் "கோயிலுக்கா?" என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடப்பதே நல்லது. 192 அடி உயரமும் பதினோரு நிலையும் கொண்ட ராஜகோபுரம் தொலைவிலிருந்தே வழி காட்டும். தமிழ்நாட்டு அரசு முத்திரையில் இருப்பது எங்கள் கோபுரம்தான் என்று உள்ளூர்க்காரர்கள் பெருமையோடு சொல்வார்கள். மேற்கே மலைத்தொடர், கிழக்கே கரிசல் காடு, நடுவே இந்த ஊர். காலை வெயில் முதலில் கோபுரத்தின் உச்சியில் விழுந்து, பிறகு மெல்ல நிலை நிலையாக இறங்கி, கடைசியாகத்தான் தெருவுக்கு வருகிறது.

இந்தப் பக்கம் வருகிறவர்களில் பெரும்பாலோர் ஆண்டாளைச் சேவித்து, பால்கோவா வாங்கிக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் குற்றாலத்துக்கோ மதுரைக்கோ போய்விடுகிறார்கள். வீடுகளையும் தோட்டங்களையும் பார்ப்பதற்கென்றே யாரும் வருவதில்லை. வரலாம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையே ஏறத்தாழ 11 கிலோமீட்டர்தான். அந்தச் சிறிய தூரத்துக்குள் நந்தவனம், அக்ரகாரம், நாயக்கர் காலத்து மாளிகை, மலையடி மாந்தோப்பு, ராஜுக்களின் பெரிய வீடுகள், நெசவாளர்களின் சிறிய வீடுகள் என்று எல்லாம் அடங்கிவிடுகின்றன. காலில் செருப்பும் கையில் தண்ணீர் பாட்டிலும் இருந்தால் போதும்.

இங்கிலாந்தில் இப்படி நடப்பது ஒரு பெரிய பண்பாடாகவே வளர்ந்திருக்கிறது. கிராமத்து விடுதியில் தங்கி, பகலெல்லாம் வயல் வரப்புகளில் நடந்து, கூரை வேய்ந்த குடிசைகளையும் பிரபுக்களின் மாளிகைகளையும் பூந்தோட்டங்களையும் பார்த்துவிட்டு, மாலையில் அடுத்த கிராமத்துக்குப் போய்ச் சேர்வார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாகப் பொதுமக்கள் நடக்கச் சட்ட உரிமை உள்ள பாதைகள் சுமார் 2,25,000 கிலோமீட்டர் இருக்கின்றன. நடக்கும் உரிமையும் சும்மா கிடைத்துவிடவில்லை. பிரபுக்களின் வேட்டை நிலமாகப் பூட்டிக் கிடந்த கிண்டர் ஸ்கவுட் மேட்டில் 1932 ஏப்ரலில் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் அத்துமீறி ஏறினார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள். 1949-இல்தான் தேசியப் பூங்காக்களுக்கும் நடைபாதைகளுக்கும் சட்டம் வந்தது.

வீடுகளின் கதையும் அப்படித்தான். 1895-இல் தொடங்கப்பட்ட நேஷனல் டிரஸ்ட் முதன்முதலாக வாங்கிய கட்டடம் அரண்மனை அல்ல. சசெக்ஸில் ஆல்ஃபிரிஸ்டன் என்ற ஊரில் இடிந்து விழும் நிலையிலிருந்த, கூரை வேய்ந்த ஒரு பாதிரியார் வீடு அது. 1896-இல் அதற்குக் கொடுத்த விலை 10 பவுண்டு. அந்த வீடு இன்றைக்கும் நிற்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வீடு அதைவிடப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஊருக்கு உரியதாகிவிட்டது. ஆண்டாள் சன்னிதி இருக்கும் இடம் பெரியாழ்வார் வாழ்ந்த வீடு என்பது வழிவழி வந்த நம்பிக்கை. கோபுரம் நிற்கும் வடபத்ரசாயி கோயில் ஒரு பக்கம். மகள் ஆண்டாள் வளர்ந்த வீடு இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவே, பெரியாழ்வார் மலர் பறித்த நந்தவனம். அங்கே துளசிச் செடியின் அடியில்தான் குழந்தை கிடைத்தாள் என்று காட்டுகிறார்கள். சன்னிதிக்கு உள்ளே ஒரு கிணறும் இருக்கிறது. மாலையைச் சூடிக்கொண்ட ஆண்டாள், தான் பெருமாளுக்குப் பொருத்தமா என்று எட்டிப்பார்த்த கண்ணாடிக் கிணறு என்கிறார்கள். பக்தியோடு வருகிறவருக்கு இது திருத்தலம். கட்டடங்களைப் பார்க்கும் கண்ணோடு வருகிறவருக்கோ, வாசல், கிணற்றடி, பின்பக்கம் பூந்தோட்டம் என்று ஒரு குடும்பம் புழங்கிய வீட்டின் அமைப்பு கருங்கல் மண்டபங்களுக்குள்ளும் தெரியும். உலகத்தில் எத்தனையோ அரண்மனைகள் கோயிலானதுண்டு. பூக்கட்டும் ஒருவரின் வீடும் தோட்டமும் ஓர் ஊருக்கே நடுவாகிப்போனது அபூர்வம்.

அந்தத் தோட்டத்து மரபு இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது. ஆண்டாளின் இடக்கையில் இருக்கும் கிளி உலோகத்தில் செய்ததல்ல. அன்றன்றைக்கு இலையும் பூவும் கொண்டு கட்டுவது. மூக்குக்கு மாதுளம்பூ, உடலுக்கு மரவள்ளி இலை, இறக்கைக்கு நந்தியாவட்டை இலையும் பனையோலையும், வாலுக்கு அரளி மொட்டு, கண்ணுக்குக் காக்காப்பொன், எல்லாவற்றையும் சேர்த்துக்கட்ட வாழைநார். ஒரு கிளியைச் செய்து முடிக்கவே நாலைந்து மணி நேரம் ஆகிறது. மறுநாள் புதுக்கிளி. ஆண்டாள் சூடிக்களைந்த மாலை புரட்டாசிப் பிரம்மோற்சவத்தில் கருட சேவைக்குத் திருப்பதி போகிறது. சித்திரையில் கள்ளழகருக்காக மதுரைக்குப் போகிறது. ஆங்கிலேயரின் தோட்டங்களோ நிறச் சேர்க்கையும் பருவ வரிசையும் பார்த்துப் பார்த்துச் செய்த கலை. கெர்ட்ரூட் ஜீக்கில் போன்ற தோட்டக் கலைஞர்கள் ஓவியம் தீட்டுவதைப் போலவே பாத்திகளைத் தீட்டினார்கள். நந்தவனத்தில் செடி அழகுக்காக நிற்பதில்லை, நாளைக் காலை பறிப்பதற்காக நிற்கிறது. பூத்துக் குலுங்கும் நந்தவனம் என்றால், அன்றைக்கு யாரோ பறிக்க வரவில்லை என்றுதான் பொருள்.

கோயிலைச் சுற்றிய மாட வீதிகளில் ஏழு மணிக்கெல்லாம் கோலம் போட்டு முடிந்திருக்கும். மார்கழி என்றால் கோலத்தின் நடுவே பூசணிப்பூ, கூடவே எந்தத் திண்ணையிலிருந்தாவது திருப்பாவை. பழைய வீடுகள் இன்னும் சில மிச்சம் இருக்கின்றன. முகப்பு குறுகல், நீளமோ அடுத்த தெரு வரைக்கும். திண்ணை, அதைத் தாண்டி ரேழி, பிறகு முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், அப்புறம் அடுக்களை, கிணற்றடி, கொல்லைப்புறம், மாட்டுத் தொழுவம். வாசலில் நின்று பார்த்தால் கொல்லைக் கதவு வரை ஒரே நேர்கோட்டில் தெரியும். மலைப்பக்கமிருந்து காற்று வரும் மாதங்களில் அந்த நேர்கோடு முழுக்கக் காற்று நடக்கும் பாதையாகிவிடும். மின்விசிறி வருவதற்கு முன்னால் இந்த வெயில் ஊரில் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

முகப்பில் தயங்கி நின்றால் "யாரைத் தேடுறீங்க?" என்று உள்ளேயிருந்து குரல் வரும். வீட்டைப் பார்க்க நின்றோம் என்று சொன்னால் முதலில் ஒரு வியப்பு, பிறகு "வெயில்ல ஏன் நிக்கிறேள்? உள்ள வாங்கோ" என்பார்கள். தென்னாட்டுப் பழைய வீட்டுக்குள் போக நுழைவுச்சீட்டு இல்லை. தண்ணீர் குடிக்காமல் வெளியே வரவும் முடியாது.

ஆனால் வரிசையாகப் பார்த்துக்கொண்டே நடந்தால் நெஞ்சு கனக்கும். மூன்று திண்ணை வீடுகள், அடுத்து ஒரு கான்கிரீட் அடுக்கு, அதன் கீழே ஷட்டர் போட்ட கடை, அதற்கப்புறம் பூட்டிக் கிடக்கும் ஒரு வீடு. நாட்டு ஓடு சரிந்து, முற்றத்தில் வேம்பு முளைத்திருக்கும். பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். பழைய ஓடு மாற்ற ஆள் கிடைப்பதில்லை. சுண்ணாம்போடு கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்துப் பூசத் தெரிந்த கொத்தனார் அதைவிட அரிது. சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும், ஈரத்தை வாங்கி வெளியே விடும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவரை அரித்துவிடும். அக்கறையோடு பழுதுபார்க்கிறவர்கள்கூட, இது தெரியாததாலேயே வீட்டை இழந்திருக்கிறார்கள்.

பஜார் பக்கம் திரும்பினால் திருமலை நாயக்கர் மாளிகை. 1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்ட மன்னருக்கு ஆண்டாள் மேல் இருந்த ஈடுபாட்டைப் பற்றி ஒரு கதை உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் பூஜை முடிந்த மணியோசை மண்டபம் மண்டபமாக மதுரை வரைக்கும் வந்து சேர்ந்த பிறகுதான் அவர் சாப்பிட உட்காருவாராம். எழுபது கிலோமீட்டருக்கு மேல் மணியோசையை அனுப்ப எத்தனை மண்டபம் வேண்டும் என்று நடந்து வருகிறவர்தான் உணர முடியும். மதுரை அரண்மனையின் பிரமாண்டம் இங்கே இல்லை. சுதைப் பூச்சுத் தூண்களும் வளைவுகளும் அதே கைகளின் வேலை என்று தெரிகிறது. அளவு சிறியது என்பதே இதன் அழகு. தூணின் அருகில் நின்று தலை நிமிர்த்தாமலேயே வேலைப்பாட்டைப் பார்க்கலாம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இந்தக் கட்டடத்துக்கு, கோயிலுக்கு வரும் கூட்டத்தில் நூற்றில் ஒருவர் வந்தாலே பெரிது.

பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இனிப்புக்குக் கிடைத்த மரியாதை, அதைக் கிண்டிய அடுக்களைகளுக்கும் கிடைத்திருக்க வேண்டும்.

ஊரிலிருந்து மேற்கே செண்பகத்தோப்புச் சாலையைப் பிடித்தால் வீடுகள் முடிந்து தோப்புகள் தொடங்குகின்றன. தென்னை, மா, புளி, நெல்லி. வேலியோரம் கிணறும் மோட்டார் அறையும் காவல்காரரின் ஓலைக் குடிசையும் இருக்கும். இது பூப்பறிக்கும் தோட்டம் அல்ல, ஒரு குடும்பத்தின் வருமானம். ஆனாலும் மலைநிழல் விழும் மாந்தோப்புக்கு நடுவே போகும் மண்பாதையில் நடக்கும்போது இதைவிட நல்ல தோட்டத்தை எந்த நாட்டில் தேடுவது என்று தோன்றும். உச்சிக்கிளைகள் ஒன்றையொன்று தொடும் இடங்களில் அண்ணாந்து பார்க்க வேண்டும். சாம்பல் நிற மலை அணில், குச்சியும் இலையும் கொண்டு அங்கேதான் கூடு கட்டுகிறது. தரைக்கு இறங்க விரும்பாத விலங்கு அது. கிளைகள் தொடர்ந்து இருந்தால்தான் பிழைக்கும். ஒரு மரத்தை வெட்டினால் அதன் தெருவே துண்டாகிவிடும். இந்த அணிலுக்காகவே 1988-இல் சுமார் 485 சதுர கிலோமீட்டரில் சரணாலயம் அமைந்தது. 2021-இல் அது ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தோடு சேர்ந்தது. காட்டுக்குள் காட்டழகர் கோயிலுக்குப் போக வனத்துறையின் அனுமதி வேண்டும். நடக்கும் உரிமையைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்ல வேண்டும்: மனிதர் நடக்காத பாதைகளும் சில இருக்கத்தான் வேண்டும்.

ராஜபாளையத்துக்கு நேர்வழி, திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் தேசிய நெடுஞ்சாலை. அதில் நடப்பது சுகமில்லை, ஆபத்தும்கூட. லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கியே பாதி நாள் போய்விடும். இந்தத் துண்டுக்கு டவுன் பஸ் ஏறிவிடுவது உத்தமம். இரண்டு ஊர்களையும் மலையடிவாரமாகவே சேர்க்கும் நிழல்பாதை ஒன்றை யாராவது குறித்து, கல் நட்டு, அறிவிப்பு வைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! வண்டிப்பாதைகளும் ஓடைக்கரைகளும் ஏற்கெனவே இருக்கின்றன.

ராஜபாளையத்தில் வீட்டின் பேச்சே வேறு. விஜயநகர ஆட்சிக் காலத்தை ஒட்டி ஆந்திரப் பகுதியிலிருந்து தெற்கே வந்த ராஜுக்கள் அமைத்த ஊர் இது. பழையபாளையம், புதுப்பாளையம் என்று இரண்டு பகுதிகள், ஒவ்வொன்றிலும் வீதிகள், சாவடிகள். இன்றைக்கும் பெரியவர்கள் தங்களுக்குள் தெலுங்கில் பேசிக்கொண்டே, வந்தவரிடம் "வாங்க, உக்காருங்க" என்று தமிழில் திரும்புவார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் அக்ரகாரத்து வீடு நீளத்தில் வாழ்கிறது என்றால் இங்குள்ள பழைய பெரிய வீடு அகலத்தில் வாழ்கிறது. கம்பி அழி போட்ட முன்பகுதி, கனத்த தேக்கு நிலை, விசாலமான பட்டாசல், நெல்லும் பருத்தியும் அடுக்குவதற்கான அறைகள், மேலே மச்சு. விவசாயத்தில் சேர்ந்த பணம் இருபதாம் நூற்றாண்டில் பஞ்சாலையாக மாறியது. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். அந்தக் காலத்து வீடுகளில் மரமும் சுண்ணாம்பும் குறைந்து சிமெண்ட்டும் வண்ணக் கண்ணாடியும் நுழைவதைத் தெருவில் நடந்தபடியே பார்க்கலாம்.

சில வாசல்களில் வெள்ளை வெளேரென்று, இளஞ்சிவப்பு மூக்கோடு ஒரு நாய் எழுந்து நிற்கும். குரைப்பதைவிடப் பார்ப்பது அதிகம். ராஜபாளையம் நாய்க்கு 2005-இல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது. வீட்டையும் தோப்பையும் காத்த இந்த நாய் இந்த ஊர்க் கட்டடக் கலையின் ஒரு பகுதி என்று சொன்னாலும் தவறில்லை. அது படுப்பதற்கென்றே அளவெடுத்துக் கட்டியதைப் போல இருக்கும், பழைய வீட்டுப் படியின் அகலம்.

ஊரில் தவறவிடக் கூடாத வீடு காந்தி கலை மன்றம். பூ.ச. குமாரசாமி ராஜா 1898-இல் இந்த ஊரில் பிறந்தவர். 1949 ஏப்ரலில் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாருக்குப் பின் சென்னை மாகாணத்தின் முதல்வரானார். குடியரசு மலர்ந்தபோது அந்தப் பதவியில் இருந்தவர் அவர்தான். 1952 தேர்தலில் தோற்றார், பிறகு ஒடிசாவின் ஆளுநராக இருந்தார், 1957-இல் மறைந்தார். வசதியான குடும்பத்துப் பிள்ளை. தான் வாழ்ந்த வீட்டையே காந்தியின் பெயரில் கலைக்கும் பொது வாழ்வுக்கும் என்று ஊருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பூட்டிக் கிடந்து ஓடு சரியும் வீடுகளைக் காலையில் பார்த்துவிட்டு மாலையில் இங்கே வருகிறவருக்கு அந்தக் கொடையின் அருமை நன்றாகப் புரியும். வாரிசுகளுக்குள் பங்கு பிரித்திருந்தால் இந்த இடத்தில் இன்றைக்கு நாலு கடைகள் நின்றிருக்கலாம். முன்னாள் முதல்வரின் வீடு என்ற பளபளப்பு எதுவும் கிடையாது. கச்சேரி கேட்கவும் கூட்டம் போடவும் யாரும் வரலாம். ஆங்கிலப் பிரபுக்கள் பலர் வரி கட்ட முடியாமல் மாளிகைகளை டிரஸ்டிடம் ஒப்படைத்தார்கள். இவர் அப்படிக் கொடுக்கவில்லை, கொடுக்க வேண்டும் என்று கொடுத்தார்.

பெரிய வீடுகளை மட்டும் பார்த்துவிட்டுப் போனால் நடை பாதியில் நின்றுவிடும். ராஜபாளையத்துக்குக் கிழக்கே சத்திரப்பட்டி. ஆஸ்பத்திரிகளில் காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி நெய்யும் ஊர். தெருவுக்குள் நுழையும் முன்பே தறிச் சத்தம் கேட்கிறது. வெளுத்த துணியை நீளநீளமாகக் காயப் போட்டிருக்கும் வெட்டவெளி கண்ணைக் கூச வைக்கும். இங்கே வீடும் வேலையிடமும் ஒன்றுதான். முன்னறையில் தறி, பின்னறையில் அடுப்பு. இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் பகுதியில், பிபரி கிராமத்தில், ஆர்லிங்டன் ரோ என்று ஒரு வீட்டு வரிசை உண்டு. 1380 வாக்கில் கம்பளிக் கிடங்காகக் கட்டி, 17-ஆம் நூற்றாண்டில் நெசவாளர் வீடுகளாகப் பிரித்தது. நடைப்பயணிகள் விழுந்தடித்துப் படம் எடுக்கும் இடம் அது. அங்கே நெசவு நின்று எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. சத்திரப்பட்டியில் தறி ஓடுகிறது, அதைப் பார்க்கத்தான் யாரும் வரவில்லை. கம்பளியால் செழித்த காட்ஸ்வோல்ட்ஸும் பருத்தியால் செழித்த இந்தக் கரிசல் ஓரமும் உறவுக்காரர்கள்தான்.

பழைய கட்டடங்களைக் காக்க 2012-இல் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் வந்தது. ஆணையம் அமையவே பல ஆண்டுகள் ஆயின. கோயிலும் அரண்மனையும் பட்டியலில் சேர்ந்துவிடும். திண்ணை வீட்டைச் சேர்ப்பது யார்? இங்கிலாந்தில் 1927-இல் ஒரு யோசனை தோன்றியது. மாவட்டச் செவிலியருக்கு நிதி திரட்ட, சொந்தத் தோட்டம் வைத்திருந்தவர்கள் ஆளுக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு தோட்டத்தைத் திறந்துவிட்டார்கள். முதல் ஆண்டிலேயே 609 தோட்டங்கள் திறந்தன. அந்த வழக்கம் இன்று வரை தொடர்கிறது. இரண்டு ஊர்களிலும் விருப்பமுள்ள பத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து, ஆடிப்பூரத் தேரை ஒட்டியோ பொங்கலை ஒட்டியோ ஒரு நாள் கதவைத் திறந்துவைக்கலாம். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் ஒருவரை அழைத்து முற்றத்தில் உட்காரவைத்து, கலவை அரைப்பதைச் செய்து காட்டச் சொல்லலாம். பள்ளிப் பிள்ளைகள் வழிகாட்டட்டும். வசூலாகும் பணம் ஒரு வீட்டின் ஓடு மாற்றப் போகட்டும். இதற்கு அரசாணை எதுவும் வேண்டியதில்லை.

மாலையில் இன்னும் தெம்பு இருந்தால் ராஜபாளையத்திலிருந்து மேற்கே அய்யனார் கோயில் சாலை இருக்கிறது. ஊருக்குக் குடிநீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கம் இந்தப் பக்கம்தான். வழியெல்லாம் மாந்தோப்பு, முன்னால் மலை. சித்திரை, வைகாசியில் வந்தால் தோப்பு வாசலிலேயே சப்பட்டையும் பஞ்சவர்ணமும் குவித்து விற்பார்கள், வெயில் மட்டும் கொளுத்தும். நடையே முக்கியம் என்றால் மார்கழி, தை நல்லது. மழை ஓய்ந்து கிணறுகள் நிறைந்திருக்கும். தோப்புக்குள் கால்வைக்கும் முன்பு காவல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும். மலைப்பக்கம் இருட்டும் முன் திரும்பிவிட வேண்டும், யானை நடமாட்டம் உள்ள இடம். சென்னைக்குத் திரும்பும் பொதிகை ராஜபாளையத்திலும் நிற்கிறது.